இரண்டாவது கையெழுத்து

குவாவ், கிரெனடா
11 ஏப்ரல் 1999, ஞாயிறு

அன்புள்ள ஆன்செல்முக்கு,

யூலாலி எழுதுவது. நானும் கெர்லினும் நலம், நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். முறைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். நீ அனுப்பிய பணம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அதோடு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஒன்டாரியோவில் தக்காளி பறிக்கிறவர்கள் பேனா பிடிக்கக் கூடாது என்று தடை ஏதும் இருக்கிறதா?

கெர்லின் ஜூன் பரீட்சைக்குப் படிக்கிறாள். சமையலறைப் பக்கம் ஒழுகிய தகரத்தை மாற்றிவிட்டேன். ஈஸ்டருக்கு மீன் பொரித்தோம். உன் பங்கையும் உன் மகளே சாப்பிட்டுத் தீர்த்தாள்.

இனி விஷயம். பெரிய வியாழனன்று நான் ஜாதிக்காய் நிலையத்தில் காய் பிரித்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டிலிருந்து ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து, வாசலில் நின்றபடியே என் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டான். பெஞ்சில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். உறையைப் பிரித்து வாசித்தது பக்கத்தில் இருந்த மெர்ல். "அடியே, உன் வீட்டைக் கேக்குறாங்க" என்றாள்.

வங்கி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. வீட்டையும் நிலத்தையும் காலி செய்து ஒப்படைக்க வேண்டுமாம், விற்று எடுத்துக்கொள்வார்களாம். படகு எஞ்சின் கடனுக்காக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அதை மாதம் தவறாமல் என் சம்பளத்திலிருந்து நானே கட்டிக்கொண்டுதானே வருகிறேன், இதில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மெர்லிடம் சொன்னேன். பிறகுதான் தொகையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கெர்லினை மறுபடி வாசிக்கச் சொன்னேன். அது எஞ்சின் கடன் மட்டும் இல்லை. நீயும் உன் கூட்டாளி ரோலண்டும் வாங்கிய அந்தப் பெரிய மீன்பிடி லாஞ்சின் கடனும் அதில் இருக்கிறது.

அக்டோபரில் லாஞ்சு பாறையில் மோதி உடைந்தபோது நான் உன்னிடம் முதலில் கேட்டது என்ன? ஆட்கள் பிழைத்தார்களா என்று. இரண்டாவதாகக் கேட்டது, கடன் யார் தலையில் என்று. "அது ரோலண்ட் பொறுப்பு, லாஞ்சையே அடமானமா வெச்சுத்தான் வாங்கினோம், நம்ம வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாய். ரோலண்ட் டிரினிடாடுக்கு ஓடிப் போனான். நீ பிப்ரவரியில் கனடாவுக்கு விமானம் ஏறினாய். நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உறைக்குள் நான் கையெழுத்துப் போட்ட இரண்டு பத்திரங்களின் நகல்களும் இருந்தன. முதலாவது 1994-ல் போட்டது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வங்கி மேனேஜர் உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, என்னை மட்டும் எதிர்த் தெருவில் இருந்த ஒரு கிழட்டு வக்கீலிடம் அனுப்பினார். அந்த ஆள் வரி வரியாக வாசித்து, பணம் கட்டாவிட்டால் வீடு போய்விடும், புரிகிறதா என்று மூன்று தடவை கேட்டார். புரிகிறது என்று சொல்லித்தான் போட்டேன். எஞ்சின் வந்தது, நீ கடலுக்குப் போனாய், சாப்பிட்டோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதம் போட்டது. அதைக் கொண்டுவந்தவர் ஹாலிஸ் கொம்பே. நம் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்ற மனிதர். வங்கியில் வேலை செய்தாலும், வங்கிக்காரர் என்று நான் அவரை ஒரு நாளும் நினைத்ததில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிலையத்துக்கே வந்து, ஒரு ஜாதிக்காய் மூட்டையின் மேல் பத்திரத்தை விரித்து, விரலால் இடத்தைக் காட்டினார். "பழைய எஞ்சின் கடன்தான், தேதி மாத்துறோம். உன்னை அலைய விட வேண்டாம்னு நானே வந்தேன்" என்றார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீயும் அதையேதான் சொன்னாய். நான் அடுப்பில் சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலில் வற்றவைத்துக்கொண்டிருந்தேன், நீ வாசல் நிலையில் சாய்ந்து நின்றாய். மகளின் ஞானத்தகப்பன் நீட்டுகிற காகிதத்தை அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து வரி வரியாக வாசித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்த ஊரில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். தூசி படிந்த கையோடு அப்படியே போட்டேன்.

அந்தப் பத்திரத்தில் எஞ்சின் என்ற சொல்லே இல்லை. நீ இன்று வாங்கியது, நாளை வாங்கப்போவது, எந்தக் காரணத்துக்கானாலும் எவ்வளவானாலும் எல்லாக் கடனுக்கும் இந்த வீடு பொறுப்பு என்று இருக்கிறது. கடைசியில், நான் சொந்தமாக ஒரு வக்கீலைக் கலந்து, அவர் சொன்னதைப் புரிந்துகொண்டு கையெழுத்திடுவதாக ஒரு வரி முன்கூட்டியே அச்சடித்திருக்கிறது. அங்கே எனக்குப் பக்கத்தில் இருந்தது மெர்லும் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கும்தான்.

இந்த மண் என் இரண்டு சூசூச் சீட்டில் வாங்கியது. சுவர் என் பதினாலு வருஷச் சம்பளம். உனக்கு இது தெரிந்திருந்ததா, தெரியாமல் இருந்ததா? அதை மட்டும் உடனே எழுது. பயமாக இருக்கிறது.

உன் மனைவி,
யூலாலி

*

குவாவ்
16 மே 1999, ஞாயிறு

அன்புள்ள ஆன்செல்முக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நம்புகிறேன். உன்னோடு அங்கே வேலை செய்கிற வின்ஸ்டன் போனில் தன் அம்மாவிடம் பேசினானாம். நீ நன்றாக இருப்பதாகவும், யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்றும் சொன்னானாம். இந்த மாதமும் பணம் வந்தது, கடிதம் வரவில்லை. பேசாதவன் எழுதவாவது செய்யலாம்.

நான் செயிண்ட் ஜார்ஜஸில் இலவசச் சட்ட உதவிக்குப் போனேன். அங்கே மிஸ் அலெக்சிஸ் என்று ஒரு பெண் வக்கீல். பார்த்தால் கெர்லினுக்கு அக்கா மாதிரி இருக்கிறாள். இவளிடமா என் வீட்டை ஒப்படைப்பது என்று பாதி மனதோடுதான் உட்கார்ந்தேன். அவள் இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் வாசித்தாள். அதற்குப் பிறகு எனக்கு அவள் வயது மறந்து போனது.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். "சட்டப்படி பார்த்தா கையெழுத்து கையெழுத்துதான். வாசிக்காமப் போட்டேன்னா அது உங்க தப்பு. கோர்ட்டு அதோட நின்னுட்டா நீங்க இன்னிக்கே மூட்டை கட்டலாம்" என்றாள். பிறகு சொன்னாள், கோர்ட்டு அதோடு நிற்காதாம். பத்திரம் சரியாகவே இருந்தாலும், அதை ஒருவர் பெற்ற விதம் மனச்சாட்சிக்கு ஒவ்வாததாக இருந்தால், அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் கழுத்தைப் பிடிக்க நீதிபதி விடமாட்டாராம். இதை நியாய முறை என்கிறார்கள். முந்நூறு நானூறு வருஷமாக இருக்கிறதாம். நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஆனால் நீ என்னிடம் பொய் சொன்னாய் என்பது மட்டும் போதாதாம். வங்கி என்ன செய்தது என்பதும் வேண்டும். மிஸ் அலெக்சிஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள்: "ஒரு பொண்டாட்டி, தனக்குக் காலணா லாபமில்லாத கடனுக்குத் தன் வீட்டை எழுதிக் குடுக்குறான்னா, அதைப் பார்த்ததுமே பேங்க்குக்கு உறைச்சிருக்கணும். புருஷன் இல்லாத எடத்துல அவளை உட்கார வெச்சு, வேற வக்கீலை விட்டு விளக்கச் சொல்லியிருக்கணும். முதல் தடவை செஞ்சாங்க இல்ல? அப்போ அவங்களுக்கு வழி தெரியும். ரெண்டாவது தடவை ஏன் செய்யல?" ஹாலிஸ் கொம்பே விளக்கினார் என்று அவர்கள் சொல்லக்கூடும் என்றேன். "அவர் யார் கிட்ட சம்பளம் வாங்குறாரு?" என்று கேட்டாள்.

முதல் பத்திரம் நிற்கும், அந்தக் கடனை நான் கட்டித்தான் ஆக வேண்டும் என்றாள். கட்டுகிறேன் என்றேன். இரண்டாவதை உடைத்தால் வீடு மிஞ்சும். அவ்வளவுதான் நம்பிக்கை.

இப்போது உனக்குப் பிடிக்காத பகுதி. நான் உன்னை நம்பினேன் என்று கோர்ட்டில் காட்ட வேண்டும். பணம், வங்கி, பத்திரம் என்றால் நீ சொன்னது எனக்கு வேதவாக்கு, அதனால்தான் கேள்வி கேட்காமல் போட்டேன் என்று நிரூபிக்க வேண்டும். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆன்செல்ம். மிஸ் அலெக்சிஸ் பயந்து தண்ணீர் கொடுத்தாள். குவாவில் யாரை வேண்டுமானாலும் கேட்கச் சொல்லுங்கள், பக்கத்து ஊரான விக்டோரியாவில் என் புருஷனுக்கு மூன்று வயதில் ஒரு மகன் இருக்கிறான், அது எனக்குத் தெரிந்தே நான் அந்தப் புருஷனுக்குச் சோறு போட்டேன் என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். நாமே முன்னால் சொல்லிவிடுவது நல்லது, அவர்கள் எப்படியும் கேட்பார்கள் என்றாள்.

உன்னைப் பற்றி ஒரு கோர்ட்டில் நின்று பேசுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. உன் அக்கா இப்போதே கோவிலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், கடனுக்காகப் புருஷனைப் பொய்யன் என்று சொல்லப் போகிறாளாம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் சொல்லப்போவது நீ பொய்யன் என்பதை அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நீ சொன்ன வார்த்தைகளை மட்டும்தான். ஒன்று கூட்டமாட்டேன்.

மிஸ் அலெக்சிஸ் உனக்கு ஒரு சத்தியப் பத்திரம் தபாலில் அனுப்புகிறாள். நீ என்னிடம் என்ன சொன்னாய் என்பதை அதில் எழுதி, அங்கே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வேலை நேரத்தில் போக விடமாட்டார்கள் என்றால் மழை நாளில் போ. தயவுசெய்து போ.

யூலாலி

*

குவாவ்
30 ஜூன் 1999, புதன்

ஆன்செல்ம்,

நேற்று மீனவர் திருநாள். ஃபாதர் வழக்கம்போலக் கரையில் இறங்கி ஒவ்வொரு படகுக்கும் தீர்த்தம் தெளித்தார். உன் சின்னப் படகை நான் வாடகைக்கு விட்டிருக்கிறேனே, அந்தப் பையன்கள் அதற்குப் புதிதாக நீலச் சாயம் அடித்திருக்கிறார்கள். ஃபாதர் அதன் பக்கத்தில் நின்று, ஆன்செல்ம் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார், அடிக்கடி எழுதுகிறார் என்று சொல்லிவிட்டேன். திருநாளும் அதுவுமாக ஒரு பாதிரியாரிடம் பொய்.

கெர்லின் பரீட்சையெல்லாம் முடித்துவிட்டாள். கணக்கு சுலபமாம். இந்த வீடு விஷயம் அவளுக்கு முழுதாகத் தெரியும், நான் ஒளிக்கவில்லை. அவள் ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு முன்னால் வாசலுக்கு ஓடுகிறாள்.

மெர்ல் ஒரு யோசனை சொன்னாள். "முதல் பத்திரத்தையும் தெரியாதுன்னு சொல்லிடுடி. அந்தக் கிழட்டு வக்கீல் செத்து மூணு வருஷம் ஆச்சு. யாரு வந்து சாட்சி சொல்லப் போறா? ரெண்டு கடனும் ஒழிஞ்சிடும்" என்றாள். இரண்டு நாள் அது என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. உன்னிடம் மறைப்பானேன், ஆசையாகத்தான் இருந்தது. மிஸ் அலெக்சிஸிடம் மெதுவாகக் கேட்டும் பார்த்தேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "நீங்க நியாயம் கேட்டு வர்றீங்க. அப்படி வர்றவங்க கையைத்தான் நீதிபதி முதல்ல பார்ப்பாரு. அதுல ஒரு பொய் ஒட்டியிருந்தா, உங்க உண்மையையும் சேர்த்துத் தூக்கி எறிஞ்சிடுவாரு. அப்படி ஒரு எண்ணம் இருந்தா வேற வக்கீலைப் பாருங்க" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதல் கையெழுத்து என்னுடையது, தெரிந்தே போட்டது என்று சொல்லப் போகிறேன்.

ஹாலிஸ் கொம்பே வந்திருந்தார். கெர்லினுக்கு ஒரு சீத்தாப்பழம் கொண்டுவந்தார். ரம் ஊற்றி வைத்தேன், தொடவில்லை. மூன்று மாதமாக வங்கியில் தன்னை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்களாம், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறதாம். உன் கடன் கோப்பைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேலே இருந்து அவசரப்படுத்தினார்களாம். "வேணும்னு செய்யல, யூலாலி. ஆன்செல்ம் உனக்கு எல்லாம் சொல்லிட்டேன்னு சொன்னான். நான் அவனை நம்பினேன்" என்றார். நானும்தான் நம்பினேன், உங்கள் இரண்டு பேரையும் என்று சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு இரக்கமாகவும் இருந்தது, அந்தச் சீத்தாப்பழத்தை எடுத்து எறியலாம் போலவும் இருந்தது.

கிளம்பும்போதுதான் அது வாய் தவறி வந்தது. வங்கியின் வக்கீலும் உனக்கு ஒரு பத்திரம் அனுப்பியிருக்கிறாராம். என் மனைவிக்கு லாஞ்சுக் கடன் உட்பட எல்லாவற்றையும் நான் விளக்கிச் சொன்னேன், அவள் புரிந்துகொண்டு முழு மனதோடு சம்மதித்தாள் என்று எழுதி இருக்கிறதாம். நீ அதில் கையெழுத்துப் போட்டால் வீட்டை விற்றது போக மிச்சமிருக்கும் கடனுக்கு உன்னைத் துரத்தமாட்டார்களாம். நீ கனடாவில் சம்பாதிப்பதும் ஊருக்கு வந்தபின் சம்பாதிப்பதும் உன்னுடையதாகவே இருக்குமாம். இதைச் சொல்லிவிட்டு, நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினார்.

ஆக, உன்னிடம் இப்போது இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. உன் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இரண்டையும் வைத்திருப்பாய். எதையும் தள்ளிப்போடுகிற ஆள் நீ, எனக்குத் தெரியாதா? ஆனால் நீ தள்ளிப்போட்டிருக்கிறாயா, போட்டே விட்டாயா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாகக் காய் பிரிக்கும்போது நல்லதையும் சொத்தையையும் ஒரே கூடையில் போட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

வழக்கு ஜூலை 15. உன் பதில் வரும் என்று இன்னும் எதிர்பார்க்கிறேன்.

யூலாலி

*

குவாவ்
16 ஜூலை 1999, வெள்ளி

அன்புள்ள ஆன்செல்ம்,

இதை மெர்லுடைய தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிறன்று டொரண்டோவுக்குப் பறக்கிறான், இறங்கியதும் அங்கிருந்தே தபாலில் போடுவான். செவ்வாயோ புதனோ உன் கைக்கு வந்துவிடும். அதனால் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று கோர்ட்டு. கோவிலுக்குப் போடுகிற சாம்பல் நிற உடையும் தொப்பியும் போட்டுக்கொண்டேன். கெர்லினை வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். உன் அக்காவும் வந்திருந்தாள். ஹாலிஸ் கொம்பே வங்கிக்காரர்கள் பக்கம் உட்கார்ந்து காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூண்டில் ஏற்றி பைபிளைக் கையில் கொடுத்தார்கள். முதல் பத்திரத்தை ஒப்புக்கொண்டேன். இரண்டாவது எப்படிப் போட்டேன் என்று மூட்டை முதல் தூசி வரை சொன்னேன். சமையலறையில் நீ சொன்னதைச் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அப்புறம் வங்கியின் வக்கீல் எழுந்தார். உயரமான மனிதர், குரல் அவ்வளவு மென்மை. இருபத்திரண்டு பெண்களுடைய சூசூச் சீட்டை நடத்துவது நான்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். பதினொரு வருஷத்தில் ஒரு காசு பிசகியதுண்டா என்றார். இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். மளிகைக் கடைத் தராசு சரியில்லை என்று கடைக்காரனோடு நடுத்தெருவில் சண்டை போட்டதும் நான்தானா என்று கேட்டார். இதெல்லாம் யார் போய்ச் சொன்னார்களோ. "ஆமா, தராசு சரியில்லைதான்" என்றேன், எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அரை அவுன்சுக்குச் சண்டை போடுற நீங்க, சொந்த வீட்டை எழுதிக் குடுக்குற பேப்பரை வாசிக்காமப் போட்டேன்னு சொன்னா இந்தக் கோர்ட்டு நம்பணுமா?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தோன்றியதோ அதைச் சொன்னேன். "சூசூ அடுத்தவங்க காசு, ஐயா. தராசு கடைக்காரனோடது. இது என் புருஷன் சொன்னது" என்றேன்.

விக்டோரியா விஷயம் அதற்குப் பிறகு வந்தது. மிஸ் அலெக்சிஸ் முன்பே சொல்லியிருந்தும் என் காது சூடாகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர், பையனின் பெயர், வயது, எல்லாம் அவர் காகிதத்தில் இருந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய வருஷமே எனக்கு இது தெரியும் அல்லவா என்றார். தெரியும் என்றேன். அப்படியென்றால் இந்த மனிதர் பொய் சொல்லக்கூடியவர் என்று நன்றாகத் தெரிந்த பிறகும் அவரை நம்பியதாகவா சொல்கிறீர்கள் என்றார். கடைசி வரிசையில் கெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிமிஷம் உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. நீ அங்கே தக்காளிக் கொடி கட்டிக்கொண்டிருந்தாய், நான் உன் மகள் முன்னால் அம்மணமாக நின்றேன்.

ஆனாலும் பதில் சொன்னேன். "பொம்பளை விஷயத்துல பொய் சொன்னாரு. சொல்லிட்டு ஒரு வாரம் என் மூஞ்சியைப் பார்க்க முடியாமத் திரிஞ்சாரு. அதனாலயே நம்பினேன். வீட்டு விஷயத்துல பொய் சொல்லியிருந்தா எனக்கு அந்த மூஞ்சியில தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அந்த ஞாயித்துக்கிழமை நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், அவரு மூஞ்சியைப் பார்க்கல" என்றேன்.

நீதிபதி அதுவரை எழுதிக்கொண்டே இருந்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நரைத்த மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். "இன்னிக்கும் நம்புறீங்களா, அம்மா?" என்று கேட்டார். மிஸ் அலெக்சிஸ் உடனே எழுந்து, வழக்குக்கு வேண்டியது கையெழுத்துப் போட்ட அன்று நம்பினாரா என்பதுதான், இன்று அல்ல என்றாள். நீதிபதி தலையாட்டி, சரி, பதில் சொல்ல வேண்டாம் என்றார்.

வங்கியின் வக்கீல், உன்னுடைய சத்தியப் பத்திரம் வந்துகொண்டிருக்கிறது, அதற்கு அவகாசம் வேண்டும் என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்றுதான் சொன்னார். மிஸ் அலெக்சிஸ் என் கையை அழுத்திப் பிடித்தாள். எங்களுக்கும் கணவர் எழுதலாம் என்று அவள் எழுந்து சொன்னாள், ஆனால் அவள் குரல் முன்பு போல் இல்லை. ஜூலை 29-க்குத் தள்ளி வைத்தார்கள். வெளியே வந்தபிறகு அவளிடம் நேராகவே கேட்டேன். வங்கி செய்த தப்பு தப்புதான், அது மாறாது என்றாள். ஆனால் புருஷனே வந்து அவளுக்கு எல்லாம் தெரியும் என்று சத்தியம் செய்துவிட்டால், தெரிந்தே போட்டவளுக்கு நியாய முறை கை கொடுக்காது, நான் சொன்னது அத்தனையும் பொய் என்று ஆகிவிடும் என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கெர்லின் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். கன்கார்ட் தாண்டிய பிறகு, அப்பா எதில் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், உண்மையில்தான் போடுவார் என்று வந்துவிட்டது.

ஆன்செல்ம், கேள். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் இனி கேட்கப் போவதில்லை. லாஞ்சு நன்றாக ஓடும், ஒரு வருஷத்தில் கடன் எல்லாம் அடைந்துவிடும், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்திருப்பாய். அந்தப் பெரிய லாஞ்சின் முன்முனையில் நின்று நீ கரைக்கு வந்த அன்று உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேனே, என்னால் புரிந்துகொள்ள முடியும். வங்கி காட்டுகிற வழியில் போனால் உனக்குப் பெரிய பாரம் இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் முழுதும் உன் தலையில்தான். சேர்ந்து கட்டலாம் என்று சொல்ல என்னிடம் வேறு பணம் இல்லை. என்னிடம் இருப்பது வீடு ஒன்றுதான், நீ நவம்பரில் திரும்பி வந்தால் படுப்பதற்கு.

மிஸ் அலெக்சிஸ் அனுப்பியதில் கையெழுத்துப் போடு என்றுகூட நான் சொல்லவில்லை. வெள்ளைத் தாளில் எழுது. அன்று நிலையில் சாய்ந்துகொண்டு என்னிடம் என்ன சொன்னாயோ அதை மட்டும் எழுது. நோட்டரி முன்னால் போடு. மெர்லுடைய தம்பி 26-ம் தேதி திரும்புகிறான், அவனிடம் கொடுத்து அனுப்பலாம், அவன் போன் நம்பரைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், நீ பேனாவை எடுக்கும்போது உன் கையோடு இருக்கட்டும்.

பைபிளின் மேல் கை வைத்து, இத்தனை பேர் நடுவில், உன் மகள் காதுபட, உன்னை நம்பினேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னைப் பொய்ச் சத்தியம் செய்தவளாக ஆக்கிவிடாதே, ஆன்செல்ம்.

யூலாலி